தோட்டப் பக்கம் மோட்டார் ஓட்டுகிறீர்களா? எதை நீங்களே பார்ப்பது, எதைக் கடைக்கு விடுவது

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம்ம ஆட்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், புதிதாக மோட்டார் சைக்கிள் எடுத்த எவரும் முதல் சர்வீஸுக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்: டீலரிடமே விடுவதா, நாமே பார்த்துக்கொள்வதா? கேட்பவர் காசை மனதில் வைத்துத்தான் கேட்பார். அந்தக் கணக்கை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். டவுனில் இருக்கும் சாதாரண மோட்டார் கடையில் எண்ணெய் மாற்றினால் எண்ணெய் விலைக்கு மேல் கூலி என்று சில வெள்ளிதான் கூடும், எண்ணெயை அவர்களிடமே வாங்கினால் பல கடைகளில் கூலியே கேட்பதில்லை. ஆக, எண்ணெயை வீட்டில் மாற்றி யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை.

காசு போவது வேறு வழியில். செயின் செட் ஒன்றரை வருடம் வர வேண்டியது ஆறே மாதத்தில் தேய்ந்துபோகும். காற்று குறைந்த டயர் ஓரங்களில் கரையும். பிரேக் பேட் தீர்ந்து இரும்பு தட்டைக் கடித்தால் பேட்டோடு தட்டும் போகும். இதெல்லாம் டீலர் சரியாகச் செய்யாததால் வருவதில்லை. டீலர் உங்கள் மோட்டாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார், செயினுக்கோ வாரம் ஒருமுறை ஆள் தேவை, அவ்வளவுதான் விஷயம். அதனால் நான் பிரிப்பது விலையை வைத்து அல்ல, எவ்வளவு அடிக்கடி செய்ய வேண்டும் என்பதை வைத்து. வாரத்துக்கு, மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை உங்களுடையது. வருடத்துக்கு ஒருமுறை வருவதும், அளந்து பார்க்கத் தனிக் கருவி வேண்டியதும் கடைக்காரருடையது.

நம்ம பக்கத்துச் சாலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். 1917-லேயே வணிக முறையில் செம்பனை போட்ட இடம். நூறு வருடம் தாண்டியும் உள்சாலை என்றால் செம்மண் சாலைதான். வெயிலில் புழுதி, மழையில் சேறு, குலை ஏற்றிய லோரி போன தடத்தில் குழி. அதற்கு மேல் உரம். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு, அது பட்ட செயினும் ஸ்போக்கும் கண் முன்னாலேயே துருப்பிடிக்கும். மோட்டாரின் பின்னால் உர மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. கையேட்டில் இருக்கும் கிலோமீட்டர் கணக்கு நல்ல தார்ச்சாலைக்கு. அதே கையேட்டிலேயே புழுதி, மழை உள்ள இடத்தில் ஓட்டினால் இன்னும் அடிக்கடி பாருங்கள் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி நமக்காகவே எழுதியது.

புது மோட்டார் என்றால் முதலில் டீலர்தான்

வாரண்டி முடியும் வரை சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எல்லா சர்வீஸையும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமே செய்யுங்கள். இதில் நான் பேரம் பேச மாட்டேன். வாரண்டிக்கு மாதக் கணக்கு ஒன்று, கிலோமீட்டர் கணக்கு ஒன்று, எது முந்துகிறதோ அதோடு முடியும். இடையில் ஒரு சர்வீஸைத் தவறவிட்டு, பிறகு எஞ்சினில் பிரச்சினை என்று போய் நின்றால் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். முத்திரை விழுந்ததா, கிலோமீட்டர் எழுதினார்களா என்று கவுன்டரிலேயே நின்று பாருங்கள். ரசீதை பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், சீட்டுக்கு அடியில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

செயின் துடைப்பது, காற்று பார்ப்பது, பிரேக் தேய்மானம் பார்ப்பது இதெல்லாம் வாரண்டியைத் தொடாது. புது மோட்டாராக இருந்தாலும் முதல் வாரத்திலிருந்தே அவை உங்கள் வேலை. பழைய இஎக்ஸ்5, கிரிஸ், வேவ் என்று அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ கைமாறி வந்ததென்றால் வாரண்டிப் பேச்சே கிடையாது, கீழே உள்ள எல்லாவற்றையும் தாராளமாகத் தொடங்கலாம்.

சாமான்கள்

பெரிய டூல் செட் பார்த்து மயங்க வேண்டாம். நூறு சாமான் அடங்கிய பெட்டியை மலிவாக விற்பார்கள், அதில் கப்சாய்க்கு, அதாவது இஎக்ஸ்5, வேவ் மாதிரிச் சின்ன மோட்டாருக்கு, தேவைப்படுவது எட்டோ பத்தோ. 8, 10, 12, 14, 17 அளவு ஸ்பானர்கள், அதே அளவில் சாக்கெட்டும் ஒரு ராட்செட்டும், பின் சக்கர நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பானர், 16 அளவு பிளக் சாக்கெட், நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு இரும்பு அளவுகோல், எண்ணெய் பிடிக்க ஒரு அகலமான பேசின், புனல், கையுறை. டயர் காற்று பார்க்கும் சின்ன கேஜ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான முனை வழுக்கும், ஸ்க்ரூவின் தலை கரைந்துவிடும், அப்புறம் அதைக் கழற்றுவதற்கு மட்டுமே கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பானரை, நாம் ‘குரங்கு ஸ்பானர்’ என்போமே, அதை எஞ்சின் போல்ட்டில் போடவே போடாதீர்கள். முனை மழுங்கிய போல்ட் உள்ள எஞ்சின்களில் பாதி அந்தக் குரங்கின் கைவரிசை.

செயின்: வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம்

ஒரே ஒரு வேலைதான் கற்றுக்கொள்வேன் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்போது துணியால் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியைச் செயின் இழுக்கும், துணியோடு விரலையும் இழுத்துக்கொண்டு போய் ஸ்போக்கெட் என்னும் பல்சக்கரத்தில் வைக்கும். எஞ்சின் நிற்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும், நியூட்ரலில் கையால்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். இஎக்ஸ்5 மாதிரி செயினை முழுவதும் மூடிய கவர் இருந்தால் அதன் போல்ட்டுகளைக் கழற்றி மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் எடுங்கள். கழுவுகிற அன்று மட்டும் இப்படி எடுத்தால் போதும், மற்ற வாரங்களில் கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து தொய்வைப் பார்த்துக்கொள்ளலாம். கவரை எடுத்துப் போட்டுவிட்டு ‘ஸ்டைலாக’ ஓட்டும் பையன்களின் செயின் தோட்டச் சாலையில் எத்தனை நாள் வருகிறது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அழுக்கை எடுக்க மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து ஒரு பக்கம், ஓ-ரிங் வைத்த செயினாக இருந்தால் அந்த ரப்பரையும் கெடுக்கும். கம்பி பிரஷும் வேண்டாம். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு எண்ணெய். செயின் ஸ்ப்ரே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் 80 அல்லது 90 கியர் ஆயில். செயினின் உள்பக்கம், அதாவது ஸ்போக்கெட் பல் படும் பக்கம் போடுங்கள், சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் வரும். போட்டுவிட்டு உடனே ஓட்டக் கூடாது. ராத்திரி போட்டு வைத்து, காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வழிந்ததைத் துடைத்துவிட்டுப் போங்கள்.

எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய கருப்பு எண்ணெயைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் நம்ம தோட்டங்களில் நிறைய. காய்ந்த செயினுக்கு அது மேல் என்பது சரிதான், ஆனால் அதில் எஞ்சினில் தேய்ந்த இரும்புத் துகள் இருக்கிறது, புழுதியை வாரிக்கொள்ளும், பின் டயரில் தெறிக்கும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு எண்ணெய் போட்டாச்சு என்று நினைப்பதும் அதே கதைதான். அது துருவைக் கிளப்பும், அழுக்கைக் கழற்றும், ஆனால் செயினில் நிற்காது.

அடுத்து தொய்வு. கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்தம் எவ்வளவு அசைகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கப்சாய்க்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை சரி, உங்கள் மோட்டாருக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எந்த இடத்தில் மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளவு சரியாக இருக்க வேண்டும்.

இறுக்குவது இப்படி. பின் சக்கர அச்சின் நட்டைத் தளர்த்துங்கள். ஹோண்டா கப்சாய்களில் செயின் பக்கம் அதற்கு உள்ளே இன்னொரு பெரிய நட் இருக்கும், அதையும் தளர்த்த வேண்டும். அதை மறந்துவிட்டுத்தான் ‘நட்டு தளர்ந்துவிட்டது, சக்கரம் நகரவில்லையே’ என்று பலர் தலையைச் சொறிவார்கள். பிறகு இரண்டு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர் நட்டுகளை ஒரே அளவு திருப்புங்கள்: இடது கால் சுற்று என்றால் வலதும் கால் சுற்று. இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும், குறி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும், செயினும் டயரும் ஒரு பக்கமாகத் தேயும். அளவு வந்ததும் உள் நட், வெளி நட் என்று இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் மாறும்.

இதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. சக்கரம் பின்னால் போனதால் பின் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபட்டிருக்கும். பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள், 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்கிப் பிறகு பிடிக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் ஓட வேண்டும். பின் பிரேக் விளக்கு எப்போது எரிகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்துக் கயிறு மாதிரி இழுத்து வைக்காதீர்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து, பின்னால் மனைவியும் உட்கார்ந்து, குழியில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பு எஞ்சினிலிருந்து வெளிவரும் அச்சின் பேரிங்கில் போய் விழும். அது வாராந்திர வேலையை எஞ்சின் பிரிக்கும் வேலையாக ஆக்கிவிடும்.

எப்போது மாற்றுவது? பின் ஸ்போக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தால், அல்லது பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகிவிட்டால், செயின், முன் ஸ்போக்கெட், பின் ஸ்போக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் புதுசும் சீக்கிரம் பழசாகும். கிளிப் வைத்த செயின் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால். கடையில் மாற்றி வாங்கினாலும் இதை மட்டும் குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எஞ்சின் எண்ணெய்

எண்ணெயை வீட்டில் மாற்றுவதால் காசு மிச்சம் பெரிதாக இல்லை என்று சொன்னேன். அப்படியானால் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? எஞ்சினிலிருந்து வெளியே வரும் எண்ணெயை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள், அதற்காகத்தான். கருப்பாக வந்தால் பயமில்லை. இரும்புத் துண்டு வந்தால், அல்லது தே தாரேக் நிறத்தில் நுரையாக வந்தால், அன்றே கடைக்குப் போக வேண்டும். முதலாவது உள்ளே ஏதோ உடைகிறது, இரண்டாவது தண்ணீர் புகுந்திருக்கிறது.

எண்ணெய் வாங்கும்போது பாட்டிலில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா பாருங்கள். கியர் உள்ள மோட்டாரில் கிளட்ச் தட்டுகள் அதே எண்ணெயில்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன. கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள், அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், எஞ்சின் கத்தும், மோட்டார் நகராது. ஸ்கூட்டருக்கு எம்பி என்று தனி வகை, அதோடு பின் சக்கரத்துக் கியர் எண்ணெய் வேறு. 10டபிள்யூ-30 ஆ, 10டபிள்யூ-40 ஆ என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கடையில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு அல்ல.

இனி வேலை. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெய் முழுவதும் இறங்கும். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு கை வைக்காதீர்கள், எண்ணெயும் சுடும், எக்ஸோஸ்டும் சுடும். சமமான சிமெண்ட் தரையில் நடு ஸ்டாண்டு. மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். எஞ்சினின் அடியில் உள்ள போல்ட், பெரும்பாலும் 17 அளவு, அதன் கீழே பேசினை வைத்துக் கழற்றுங்கள். கீழே படுத்துக்கொண்டு பார்க்கும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பும். போல்ட்டின் தலையை நேராகப் பார்ப்பதாக நினைத்து இடது பக்கம் சுற்றினால் தளரும்.

எண்ணெய் சொட்டுவது நிற்கும் வரை ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். போல்ட்டில் ஒரு வாஷர் இருக்கும், புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசுதான். போல்ட்டை முதலில் விரலாலேயே சுற்றி ஏற்றுங்கள். கையால் நாலு சுற்று சுலபமாக ஏறவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, உடனே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். எஞ்சின் அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டை போட்டால் தோற்பது அலுமினியம்தான். கடைசி இறுக்கம் 24, 25 நியூட்டன் மீட்டர் அளவு, அதாவது குட்டை ஸ்பானரில் மணிக்கட்டு பலம். காலால் மிதித்து இறுக்குவது கிடையாது.

ஊற்றும் அளவு? இஎக்ஸ்5 வகைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு, 0.7, 0.8 என்ற அளவில்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினோம் என்பதற்காக முழுவதும் கவிழ்க்காதீர்கள். கூடினால் எண்ணெய் நுரைக்கும், காற்று வடிகட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் குறைவாக ஊற்றி, மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக் குச்சியைத் துடைத்து விட்டுப் பாருங்கள். ஹோண்டா கப்சாய்களில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி நின்றால் சரி. மறுநாள் காலையில் மோட்டார் நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்சி135, ஒய்15 போன்ற யமஹாக்களில் காகித வடிகட்டி ஒன்று தனியாக உண்டு. முதல் தடவை அதை மாற்றும்போது தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்: பார்ப்பது நீங்கள், பிரிப்பது யோசித்து

பார்ப்பதற்கு ஒரு நிமிடம். பின் டிரம்மில், பிரேக்கை முழுவதும் மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தின் பக்கம் குனியுங்கள். பிரேக் கையோடு நகரும் ஒரு சின்ன அம்புக்குறி, தட்டில் ஒரு குறி. இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஷூ தீர்ந்தது, அட்ஜஸ்டரைத் திருகித் திருகி இன்னும் இழுக்கலாம் என்று பார்க்காதீர்கள். முன் டிஸ்க்கில் பேட்டின் ஓரத்தில் வெட்டுக் கோடு இருக்கும், தேய்மானம் அதைத் தொட்டால் மாற்ற வேண்டும்.

டிஸ்க் பேட் மாற்றுவது கடினமல்ல, ஆனால் முதல் தடவை கடையில் நின்று முழுவதும் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை நீங்கள் செய்யுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே கிண்ணத்தில் எண்ணெய் ஏறும், வழிந்து பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். மாட்டி முடித்ததும், மோட்டாரை ஒரு அடி நகர்த்துவதற்கு முன்னால், லீவரைப் பலமுறை அழுத்தி அது கெட்டியாகும் வரை பாருங்கள். முதல் சில அழுத்தத்துக்கு லீவர் வெறுமனே வந்து ஹேண்டிலில் முட்டும், அந்த நிலையில் தெருவில் இறங்கினால் பிரேக் கிடையாது. புது பேட் படிய கொஞ்ச தூரம் ஆகும், அதுவரை மெதுவாக.

டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். லீவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால், எண்ணெய் கசிந்தால், கடைக்கு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். டாட் 3 ஆ, டாட் 4 ஆ என்பது கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

சின்ன வேலைகள்

டயர் காற்றை வாரம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன் பாருங்கள். பெட்ரோல் நிலையத்து மெஷின் கிலோபாஸ்கலில் காட்டும், நிறையக் கப்சாய்க்கு முன்னால் 200, பின்னால் தனியாள் என்றால் 225 என்ற அளவு வரும். சரியான எண் மோட்டாரில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும், அதுதான் கணக்கு. செம்பனை மட்டையின் முள் டயரில் குத்தி உடைந்து நிற்கும், உடனே காற்று போகாது, நாலு நாள் கழித்துப் போகும். காற்று பார்க்கும்போதே டயரை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிடுங்கள், வெறுங்கையால் அல்ல.

பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது சாக்கெட்டை விரலால் சுற்றியே கடைசி வரை ஏற்றுங்கள். சந்தேகத்துக்கு இடமான விலையில் கிடைக்கும் பிளக்கை வாங்காதீர்கள், போலி நிறைய ஓடுகிறது.

காற்று வடிகட்டி இரண்டு விதம். பழைய இஎக்ஸ்5-இல் ஸ்பாஞ்சு: மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து, காயவைத்து, எண்ணெய் தடவி மாட்டலாம். வேவ் போன்றவற்றில் எண்ணெய்ப் பசையுள்ள காகிதம்: அதை ஊதவோ கழுவவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். புழுதி நாட்களில் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றுங்கள்.

விளக்கைத் தினமும் பாருங்கள். 1992 முதல் நம் நாட்டில் மோட்டாருக்குப் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், பல்ப் போனதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் சாலைத் தடுப்பில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற மோட்டார்

சிலாங்கூர் ஆறு ஏறினால் நம்ம பக்கம் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நிற்கும். எஞ்சின் மூழ்கிய மோட்டாரைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தள்ளும் கம்பியே வளையும். பேட்டரி வயரைக் கழற்றி, தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள். இதை வீட்டில் பழக வேண்டாம்.

கடைக்கு விடுவது, கடையில் பேசுவது

வால்வ் இடைவெளி, ஃபோர்க் எண்ணெய், சக்கர பேரிங், கிளட்ச், டைமிங் செயின் சத்தம், கார்புரேட்டர் டியூனிங்: இவை ஃபோமேன், அதாவது கடை மெக்கானிக், செய்யும் வேலை. பேரிங் போயிருக்கிறதா என்பதை நீங்கள் கண்டுபிடிக்கலாம், நடு ஸ்டாண்டில் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் தட்டும். மாற்றுவது அவர். எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைத் தெளிக்கும் மோட்டாரில், மீட்டரில் எஞ்சின் விளக்கு மின்னினால் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், ஹோண்டாவில் அந்த எண்ணிக்கையே பழுதின் குறியீடு. பிறகு கருவி வைத்திருக்கும் டீலரிடம் போங்கள். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கும் கடையில் விடாதீர்கள். நிறுவனமே திரும்ப அழைக்கும் பழுது என்றால் டீலரிடம்தான், அதற்குக் காசு கிடையாது.

டயர், டியூப், பேரிங், ஷூ என்றால் டவுன் கடையே போதும், கூலி குறைவு, அங்கேயே நின்று பார்க்கலாம். டீலர் கடையில் பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

எங்கே விட்டாலும் வேலை தொடங்குவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். “அண்ணே, எவ்வளவு ஆகும்? வேறு ஏதாவது மாற்றணும்னா எனக்கு முதல்ல போன் பண்ணுங்க, பழைய சாமானை வச்சிருங்க, நான் பார்க்கணும்.” நல்ல ஃபோமேன் இதற்குக் கோபப்பட மாட்டார், அவரே பழைய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே பார் தம்பி, இந்தப் பக்கம்தான் தேய்ந்திருக்கு என்று காட்டுவார். அந்த ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வது அதிகம். கோபப்பட்டால், அடுத்த தடவை வேறு கடை. மாற்றியது என்ன, மீட்டரில் கிலோமீட்டர் என்ன என்பதைப் போனிலேயே எழுதி வையுங்கள்.

வீட்டில் இறக்கிய பழைய எண்ணெயை வடிகாலிலோ செம்பனை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். பழைய மசகு எண்ணெய் 2005 ஆம் ஆண்டு சட்டப்படி அட்டவணையிட்ட கழிவு, எஸ்டபிள்யூ 305 என்று அதற்கு எண்ணே உண்டு. அதே காலி பாட்டிலில் திருப்பி ஊற்றி, மூடி, மோட்டார் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே டிரம்மில் சேர்த்து வைப்பார்கள், எடுக்க ஆள் வரும். புது வாஷர் வாங்கப் போகும்போதே கையோடு எடுத்துக்கொண்டு போனால் ஒரே நடையில் முடிந்துவிடும்.